அச்சுக்குக் கொடுக்கும் முன்

நாகர்கோவில்

அன்பு மக்ளே,

இயக்கத்துக்குள்ளேயே துணையை அடித்தும் மிரட்டியும் வைத்திருக்கும் ஆட்களைப் பற்றி நீங்கள் கூட்டாகப் போடும் இதழின் வரைவை முழுசாகப் படித்தேன். இது வந்தே ஆகணும். ஆனால் இப்படியே வரக்கூடாது.

தன் கதையை எழுதித் தந்தவளின் பெயரை மாற்றினால் ஆள் தெரியாது என்று நம்பியிருக்கிறீர்கள். நம் மாவட்டம் சின்னது. ‘குளச்சல் பக்கம், டீச்சர், துறைமுக எதிர்ப்பில் மேடையேறியவர்’ என்று போட்டால் மார்த்தாண்டம் சந்தையில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஊர், வேலை, பிள்ளைகள், போராட்டம், இந்த நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு. கையால் எழுதி வந்ததைத் தட்டச்சு செய். கூகுள் டாக்ஸில் சேர்ந்து திருத்தினால் யார் எந்த வரியைத் தொட்டார் என்பது அதிலேயே கிடக்கும். எழுத்தை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டிவிட்டுப் பழையதை அழி.

எழுதியவளிடம் சம்மதம் மூன்று தடவை கேள்: தந்தபோது, திருத்திய பிறகு, அச்சுக்கு முந்தின நாள். கடைசி நாளில் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடு. பக்கம் வெறுமையாகப் போகட்டும்.

‘இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்’ என்ற பகுதியை அடியோடு நீக்கு, கேட்டியா. அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் அவனுக்குப் பிடித்ததைத்தான் சொல்வாள். மாறிச் சொன்னால் வீட்டுக்குப் போனபின் அனுபவிப்பாள். தனித்தனியாகத்தான் கேட்கணும். அவளுக்குத் துணை நிற்பவர் அவனிடம் தூது போகக்கூடாது. அவனோடு சிறை போனவர், அவன் கூட்டும் பணத்தை நம்பியிருப்பவர் விசாரிக்கவே கூடாது. ‘இயக்கத்துக்குக் கெட்ட பேர்’ என்று முதலில் சொல்வது அவர்கள்தான்.

பிரிந்து போகும் நேரம்தான் ஆபத்து அதிகம். ஆதார், வங்கிப் புத்தகம், மாத்திரை, பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் முன்னதாகவே வெளியே ஒருவரிடம் இருக்கணும். போனில் இருப்பிடம் பகிர்வதைத் திடீரென்று நிறுத்தினால் அவன் உஷாராவான். கிளம்பும்போது நிறுத்தினால் போதும்.

‘தாலி இல்லாவிட்டால் சட்டம் இல்லை’ என்று எழுதியிருப்பது தப்பு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்தவளுக்கும் உண்டு. இந்தச் சட்டத்துக்காக அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே வீட்டில் வாழாத காதலர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. அதையும் மறைக்காமல் எழுது. இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

இதழுக்கு 30 பக்கம் ஒத்துவராது, நாலின் மடங்கு வேண்டும். 32 ஆக்கினால் எட்டு ஏ4 தாள், நடுவில் இரண்டு பின். தனியாக ஒரே தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு கீறல் போட்டால் பர்ஸில் ஒளிக்கிற அளவு குட்டிப் புத்தகம் வரும். அதில் 181 (பெண்கள் உதவி), 112 (அவசர உதவி) எண்களும் கிளம்பும் பட்டியலும் மட்டும் போடு. அட்டையில் தலைப்பு வேண்டாம், கோலம் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு கட்டுரைக்கு மேல் திருத்தாதே மக்ளே, ராத்திரி தூக்கம் போய்விடும். பென்சில் படங்கள் ஜெராக்ஸில் மங்கும். கறுப்பு மையில் வரைந்து அனுப்பச் சொல்.

அம்மை