பட்டதாரிக்கு வீட்டு முகவர் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் பட்டம் முடித்த பிள்ளைகள் சிலர் வீடு, நிலம் விற்கும் முகவர் வேலைக்குப் போகிறார்கள். ‘படித்துவிட்டுத் தரகு வேலையா?’ என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள் பெரியவர்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. இது மலேசியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வு முடித்தவர்கூட இரண்டு நாள் பயிற்சிக்குப் பின், பதிவுபெற்ற முகவரின் கீழ் வேலை செய்பவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஒரு நிறுவனத்தில் சேரலாம். சொந்தமாக நிறுவனம் நடத்தவோ, உரிய தேர்வும் செய்முறைப் பயிற்சியும் முடித்துப் பதிவுபெற்ற முகவராக வேண்டும். பட்டதாரிகள் குறிவைக்க வேண்டியது அதைத்தான்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் வருடம் சாப்பாட்டுக்கு என்ன வழி? பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் கிடையாது. 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வீட்டை விற்றால் கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, அதாவது 9,000 வெள்ளி. நிறுவனம் தன் பங்கை எடுத்த பிறகுதான் மிச்சம் பிள்ளையின் கைக்கு வரும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் அரசு கொடுத்த குத்தகை நிலமென்றால், அதைக் கைமாற்றப் பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம். பெட்ரோல் செலவு அதுவரை காத்திருக்குமா? ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

அப்புறம், தோட்டத்திலிருந்து வந்து முதல் வீடு வாங்கும் நம் குடும்பங்களுக்கு, கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, மேசையில் விரித்து, குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டும். முன்பணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடாதீர்கள் என்று சொல்லவும் ஆள் வேண்டும். உங்கள் கல்விப் பக்கத்தில் பதிவுபெற்ற முகவர் ஒருவரை இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்