தாயி, புத்தகம் பார்சல் போட்டாச்சு

தாயி,

பார்சல நேத்தே கூரியர்ல போட்டுட்டேன், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டலுக்கு வந்துரும்னு சொன்னான். மேல கட்டிருக்கிறது நெத்திலிக் கருவாடு, ஒங்கம்மா மூணு கவர் போட்டுக் கட்டிருக்கா, இருந்தாலும் மொதல்ல அத எடுத்து வெளிய வச்சிட்டு அப்பறம் புத்தகத்தத் தொடு, இல்லன்னா ஹர்லாக் புத்தகம் பூரா கருவாடு மணக்கும்.

சைக்காலஜின்னா ஒரே பாடம்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒன் லிஸ்ட்டப் பாத்தா ஜெனரல், டெவலப்மென்டல், சோசியல், அப்நார்மல், டெஸ்டிங், ஸ்டேடிஸ்டிக்ஸ்னு ஒவ்வொண்ணுக்கும் தலகாணி சைஸ்ல ஒண்ணு. ஒங்க தாத்தா நண்டு வலை தனி, சூடை வலை தனி, திருக்கை வலை தனின்னு வச்சிருந்தாரே அந்தக் கதைதான். எல்லாத்தையும் புதுசா வாங்குனா நம்ம கடையோட ரெண்டு மாச வருமானம் அதுலயே போயிரும். பாம்பன் புதுப் பாலம் தெறந்ததுலருந்து ஆதார் ஜெராக்ஸ் எடுக்க டூரிஸ்ட் கூட்டம் வருது உண்மதான், ஆனா கரண்டு பில்லும் டோனரும் யாரு கட்டுறது.

அதனால எத எப்படி வாங்கணும்னு நானே பிரிச்சு வச்சிட்டேன். ஜெனரலுக்கு மார்கன் கிங் பழைய ஏழாவது எடிசனே போதும், பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில தேடு, முன்னாடி படிச்ச புள்ள அடிக்கோடு போட்டிருந்தா இன்னும் நல்லது. காரெட்டோட ஸ்டேடிஸ்டிக்ஸ் மொத மொத வந்ததே 1926ல, ஆவரேஜ் போடுறதுல அதுக்கப்பறம் என்னத்த மாறிருக்கப் போவுது, பழசே வாங்கு. (அதுல ஆவரேஜுக்குப் போட்டிருக்கிற mean-அத் தமிழ்ல எழுத்துக் கூட்டிப் படிச்சா பக்கத்துக்குப் பக்கம் மீன் மீன்னுதான் வருது, எனக்கு ஒரே சிரிப்பு, ஒங்கம்மாகிட்ட சொன்னா அவ மொறைக்கிறா.) டெஸ்டிங்குக்கு அனஸ்தாசி, அதுல கடைசியா வந்த ஏழாவது எடிசனே 1997, அந்தம்மாவும் 2001ல தவறிட்டாங்க, அதனால பழசுக்கும் புதுசுக்கும் நீ கொழம்பவே வேணாம்.

டெவலப்மென்டலுக்கு ஹர்லாக், அது நம்ம கடையில ஜெராக்ஸ் எடுத்ததுதான், முழுசா எடுக்கல, ஒங்க சிலபஸ்ல உள்ள சேப்டர் மட்டும். முழுப் புத்தகத்த நான் யாருக்கும் ஜெராக்ஸ் போட மாட்டேன்னு ஒனக்கே தெரியும். டில்லி யூனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல பெரிய பெரிய பதிப்பகமெல்லாம் கேஸ் போட்டு, 2016ல டில்லி ஹைகோர்ட்டு, பாடத்துக்காக சேப்டர் எடுத்துக் குடுக்குறது தப்பில்லன்னு சொன்னாங்கல்ல, அந்தப் பேப்பர் கட்டிங் இன்னும் என் கல்லாப் பெட்டியில இருக்கு.

அப்நார்மல், அதான் மனநோய் பத்துன புத்தகம், அது மட்டும் பழசு வாங்காத. இந்த லெட்டர் எழுதுறதே அதுக்குத்தான்.

ஒன் லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே ராம்நாட்டு டீச்சர் ஒருத்தவங்ககிட்ட அப்நார்மல் பழைய புத்தகத்த எரவல் வாங்கி ஸ்கிசோஃப்ரினியா, அதான் மனச்சிதைவு நோய், அந்த சேப்டர எடுத்துக்கிட்டிருந்தேன். மெசின்ல வைக்கும்போது கண்ணு தானா வரிமேல ஓடும்ல, என் இங்கிலீசு பிளஸ் டூ இங்கிலீசுதான், போன்ல மாத்தி மாத்திப் படிச்சேன். ரேடியோவுல தன்னப் பத்தித்தான் பேசுறாங்கன்னு நெனக்கிறது, டெலூசன் ஆஃப் ரெஃபரன்ஸ்னு போட்டிருந்துச்சு. மெசின ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டேன் தாயி. ஒங்க சித்தப்பா இருபத்திரெண்டு வயசுல சிலோன் ரேடியோக்காரன் எம்பேரச் சொல்றான் எம்பேரச் சொல்றான்னு ராத்திரி பூரா கடக்கரையில நடந்தான். நாங்க செய்வினைன்னு நெனச்சோம்.

அவன் கணுக்கால்ல ஒரு தழும்பு இருக்குல்ல, நீ ரெண்டாப்பு படிக்கும்போது கேட்ட, நங்கூரக் கயிறு அறுத்ததுன்னு சொன்னேன். கயிறு இல்ல. 1999ல ஏர்வாடி தர்கா பக்கம், மனநோய்க்காரங்களக் கொண்டு விடுற ஒரு கொட்டகையில ஏழு மாசம் விட்டிருந்தோம், சங்கிலி. தர்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அங்க போயி நிம்மதியா வந்த சனம் எத்தனையோ. காசு வாங்கிட்டு சங்கிலி போட்டவன் ஒருத்தன், காசு குடுத்துட்டு பஸ் ஏறுனவன் நான். ஒங்க அப்பத்தாதான் ஒரு நா அழுது பெரண்டு புள்ளயக் கூட்டியாங்கடான்னா. கூட்டியாந்தோம், பெரியாஸ்பத்திரி மாத்திரையில ஒரு வருசத்துல ஆளு அடங்கிட்டான். அதுக்கப்பறம்தான் 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில இன்னொரு கொட்டகையில விடியக்காலம் தீ புடிச்சு சங்கிலியோட 28 பேரு கருகிப் போனாங்க. அந்த நியூஸ் கேட்ட அன்னைக்கு ஒங்க அப்பத்தா அவன வீட்ட விட்டு வெளியவே விடல.

சேப்டர் கடைசியில மாத்திரை கண்டுபிடிச்ச கதை இருந்துச்சு. குளோர்புரோமசைன், 1952லயே பைத்தியத்துக்குக் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். 1952ல, தாயி. நாங்க சங்கிலி போட்டது 1999ல. ஆஸ்பத்திரி ராம்நாட்டுல, இங்கருந்து ஒரு மணி நேரம்.

சரி, பழச ஏன் வாங்க வேணாம்னா, அதுல இந்த நோய பாரனாய்டு, கேட்டடோனிக்னு வகை வகையாப் பிரிச்சிருக்கான். இதுல எந்த வகைடா ஒங்க சித்தப்பான்னு ரெண்டு ராத்திரி மண்டய ஒடச்சிட்டேன். அப்பறம் நீ அனுப்புன பிடிஎஃப்ப பாத்தா, 2013ல வந்த டி.எஸ்.எம். அஞ்சுல, அதான் மனநோய்க்குப் பேரும் அடையாளமும் போட்டு வச்சிருக்கிற அமெரிக்காக்காரன் புத்தகம், அதுல அந்த வகையவே தூக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு. பழசப் படிச்சுட்டு நீ பரீட்சையில அத எழுதி வச்சா மார்க்கு போவும், அது கூடப் பரவால்ல, நாளைக்கு ஒரு ஆள ஒக்கார வச்சு பேர் குத்துவியே. இந்தப் புத்தகம் மட்டும் புதுசா, பில்லோட வாங்கு, ஜிபேல காசு போட்டுட்டேன். நம்ம ஊரு 2017 மனநலச் சட்டத்துல சங்கிலியே போடக் கூடாதுன்னு வந்திருக்கு, புது எடிசன்லயும் அது இருக்காது, அமெரிக்காக்காரன் எழுதுனதுதான, அத மேடத்துகிட்ட கேட்டு தனியாப் படிச்சுக்க.

பிராக்டிகலுக்கு கேஸ் ஸ்டடி ஆள் வேணும்னு போன்ல சொன்ன. சித்தப்பாவப் பண்ணலாமான்னு நீ கேக்கல, இதப் படிச்ச பெறகு கேப்ப. எங்கிட்ட கேக்காத, அவன்கிட்ட கேளு. ஒருவாட்டி அவனக் கேக்காம நாங்களா முடிவு பண்ணித்தான் இவ்வளவும். மாட்டேன்னு சொன்னா விட்டுரு, சூடை வலை பின்னிக்கிட்டு நல்லாத்தான் இருக்கான்.

இன்னைக்குக் காலையில கடைக்கு டீ கொண்டாந்தான். மெசின்ல மூளைப் படம் கெடந்துச்சு, எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, என்னண்ணே கடல் பார்ல கெடக்குற கல்லாட்டம் இருக்குன்னான். மூளடா, பாப்பா படிக்கிறதுன்னேன். அவளுக்கு கலர்ல எடுத்து அனுப்புண்ணே, கருப்பு வெள்ளையில ஒண்ணும் தெரியலன்னுட்டு வலைக்குப் போயிட்டான். கலர்ல எடுத்து ஹர்லாக்குக்குள்ள சொருகி வச்சிருக்கேன், தொலச்சிராத.

அப்பா