சிறார் உரிமைக் கணக்கு தோட்டப்புறத்திலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சிறார் தினமான நவம்பர் 20ஆம் நாளையொட்டி எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெயர், கல்வி, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்பதை அங்கு வந்திருந்த பேச்சாளர் அழகாக விளக்கினார். அவர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர் அவர். "இதெல்லாம் பிள்ளைங்களுக்குக் கிடைக்குதா இல்லையான்னு யாருங்க ஐயா வந்து பார்க்கிறது?" என்று கேட்டார். பேச்சாளர் சற்றுத் தயங்கி, "அரசாங்கம் பார்க்கும்மா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த அம்மாவின் கேள்விக்கு இதைவிட விரிவான பதில் தேவை என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். என் தாயார் பால்மரம் சீவியவர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்து ஓய்வு பெற்றேன். மாணவர் பதிவேடு அத்தனை ஆண்டுகளும் என் கையில்தான் இருந்தது. ஆகவே சட்டம் படித்தவர்களைப் போல என்னால் பேச முடியாவிட்டாலும், ஒரு பிள்ளை கணக்கில் எப்படிச் சேர்கிறது, எப்படி விடுபட்டுப் போகிறது என்பதை நேரில் கண்டவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்கு நேரான பதில். ஐக்கிய நாட்டுச் சபை 1989 நவம்பர் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995 பிப்ரவரியில் இணைந்தது. இணைந்த நாடு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் அறிக்கையையும், அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓர் அறிக்கையையும் ஜெனிவாவில் உள்ள 18 வல்லுநர்கள் கொண்ட குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கும். தொண்டு அமைப்புகளும் யுனிசெஃப் போன்ற நிறுவனங்களும் தரும் தகவலையும் பார்க்கும். பிறகு எதைத் திருத்த வேண்டும் என்று எழுத்தில் சொல்லும். உள்நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும், 2016இல் செய்த திருத்தத்தால் அமைந்த தேசியச் சிறார் மன்றமும் இருக்கின்றன. மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் கீழ் 2019 முதல் சிறார் ஆணையர் ஒருவரும் பணியாற்றுகிறார். ஆக, பார்ப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் முன் வைக்கப்படும் காகிதத்தில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

காகிதம் போய்ச் சேர்ந்த வேகத்தைப் பாருங்கள். 1997இல் போயிருக்க வேண்டிய முதல் அறிக்கை 2006இல்தான் போனது; 2007 தொடக்கத்தில்தான் குழு அதை ஆராய்ந்தது. நாம் உடன்படிக்கையில் இணைந்த ஆண்டில் பிறந்த குழந்தை அப்போது ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை ஆறாம் ஆண்டுக்கு வரும் வரை அக்குழு நம் நாட்டின் அறிக்கையை ஆராயவே இல்லை. அடுத்த அறிக்கையும் உரிய காலத்தில் போகவில்லை. 2000ஆம் ஆண்டு பணியைத் தொடங்கிய சுஹாகாமின் ஆண்டறிக்கை மக்களவையில் முதன்முதலாக விவாதிக்கப்பட்டதே 2019 டிசம்பரில்தான். இதை நான் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் தாமதமாக வரும் கணக்கு யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு உதவுவதில்லை, பிள்ளை வளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். உடன்படிக்கையின் ஐந்து விதிகளுக்கு மலேசியா இன்றும் விலக்குக் கோரியுள்ளது. அவற்றுள் 7ஆம் விதி, பிறந்த குழந்தையை உடனே பதிவதையும் அதற்குப் பெயரும் குடியுரிமையும் கிடைப்பதையும் பற்றியது. 28ஆம் விதியில் விலக்குக் கோரப்பட்ட பகுதி, தொடக்கக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்பது. நம் நாட்டில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஆனால் அச்சட்டம் கட்டுப்படுத்துவது மலேசியக் குடிமக்களான பெற்றோரை மட்டுமே. இந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பதை என் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதிவேட்டில் பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. எண் இருந்தால் பேனாவில் எழுதுவேன். இல்லாவிட்டால், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதற்காகப் பென்சிலில் 'பெலும் அடா' என்று எழுதி வைப்பேன். இன்னும் இல்லை என்று பொருள். சில பெயர்களுக்கு ஓரிரு மாதத்தில் எண் வந்துவிடும். மகிழ்ச்சியோடு அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவேன். சில பெயர்களுக்கு முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை பென்சில் எழுத்துதான். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிவேட்டுக்குப் பெயர்களை மாற்றி எழுதும்போது அதையும் மாற்றி எழுதுவேன். மேலிடத்துக்கு நான் நிரப்பி அனுப்பிய படிவங்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை என்று கேட்டன. பென்சிலில் எத்தனை என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்காததை நானும் எழுதியதில்லை. அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அப்படிப் பென்சிலில் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தந்தை நீல அடையாள அட்டைக்காரர், அதாவது மலேசியக் குடிமகன். தாய்க்கு எந்த ஆவணமும் கிடையாது. கோயிலில் தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யப்படவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், மைகார்ட் எனும் அடையாள அட்டை எடுப்பதற்கான நடமாடும் முகப்பு எங்கள் பள்ளி மண்டபத்துக்கு வந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் படம் எடுக்கப் போகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் எண்ணெய் தடவித் தலை சீவி வரிசையில் நின்றார்கள். அவனும் நின்றான். அவன் சட்டைப் பையில் ஒரு சிறிய சீப்பு இருந்தது. நண்பர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தானும் சீவிக்கொண்டான். பட்டியலில் அவன் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். வரிசையில் அவனுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தபோது அவனை அழைத்து, அலுவலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி, நாற்காலிகளை அடுக்கச் சொன்னேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவன் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, "டீச்சர், நான் போகவா, வரிசை முடிஞ்சிடும்" என்று கேட்டான்.

மறு ஆண்டு அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் ஏட்டில் ஆறாம் ஆண்டை முடித்த மாணவன் என்று இருக்கிறது. இடைநிலைப்பள்ளியின் ஏட்டில் அவன் பெயரே ஏறவில்லை. ஒரு பள்ளி அனுப்பிவிட்டது, மற்றொரு பள்ளி பெறவே இல்லை. ஆகவே பள்ளியை விட்டு நின்றவன் என்று இரண்டு இடத்திலும் அவன் கணக்கில் வரவில்லை. படிப்பை நிறுத்திய மாணவர் விகிதம் என்று செய்தித்தாளில் எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு அவன் நினைவுதான் வருகிறது.

அவன் தவறு என்ன? பிறந்த குழந்தையை 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, தந்தையின் குடியுரிமை அன்று, தாயின் நிலையே குழந்தையின் நிலை. கோயிலில் ஊரறிய நடந்த திருமணம் போதும் என்று நம்பிய தோட்டத்துப் பெற்றோர் இதை எங்கே அறிந்தார்கள்? அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் பிள்ளையின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். மலேசியத் தாய்மாருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்காக 2024இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இந்த மண்ணிலேயே, இங்குள்ள மருத்துவமனையிலேயே பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அத்திருத்தம் உதவாது.

குடியுரிமை ஒன்றுதான் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். என் சிறு வயதில் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசைக்கு, போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். வசதி குறைவுதான், ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளையின் முதுகில் காயம் என்று ஆயாவுக்குத் தெரியும். அவர் சொன்னால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் வந்து பார்ப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு ஆயாவும் இல்லை, டிரசரும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூன்று பேருக்கு மேற்படாத அத்தகைய வீடு பராமரிப்பு நிலையமாகப் பதிய வேண்டியதில்லை. நான்காவது குழந்தை வந்தால்தான் சட்டம் வாசலுக்கு வரும். நாங்கள் அந்த அம்மாக்களை நம்புகிறோம், நன்றியும் சொல்கிறோம். ஆயினும் அக்குழந்தைகளின் முதல் நான்கு ஆண்டுகள் எவர் பார்வையிலும் படாமல் கழிகின்றன. துன்புறுத்தல் நடப்பதாக ஐயம் ஏற்பட்டால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம் என்பதைக்கூட அவர்களில் பலர் என்னிடம்தான் முதன்முறையாகக் கேட்டறிந்தார்கள்.

முறையாக அளந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் 2015இல் 17.7 விழுக்காடு, 2019இல் 21.8 விழுக்காடு. நாடு வளரும்போது பிள்ளைகள் குள்ளமாகிறார்கள் என்பது அளந்ததால்தான் வெளிவந்தது. அதன் பிறகே அதைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பேச்சு எழுந்தது. ஆனால் அந்த எண்கள் நகர்ப்புறம், கிராமப்புறம் என்று பிரித்துச் சொல்லப்படுகின்றன. தோட்டத்திலிருந்து பெயர்ந்து பட்டணத்து ஓரத்தில் குடியிருக்கும் எங்கள் பிள்ளைகளின் துன்பம் நகரத்தின் சராசரியில் கரைந்துபோகிறது.

ஆகவே சிறார் ஆணையரும், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சும் கனிவோடு கவனிக்க வேண்டியது இது: ஜெனிவாவுக்குப் போகும் அறிக்கையைக் கோலாலம்பூரில் எழுதத் தொடங்காதீர்கள், மாவட்டத்தில் தொடங்குங்கள். பள்ளிப் பதிவேட்டில் ஆவணமில்லாத பிள்ளைகள் எத்தனை பேர், ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் சேராதவர்கள் எத்தனை பேர், குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருப்போர் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள் என்ற மூன்று கணக்கை மாவட்டந்தோறும் ஆண்டுதோறும் எடுத்து, பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் வெளியிட்டு, மக்களவையின் முன் வையுங்கள். பெற்றோர் அஞ்சாமல் முன்வர வேண்டுமானால், கணக்கெடுப்பில் சொன்னதை வைத்து அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படாது என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். தாய் பிடிபட்டுவிடுவார் என்ற அச்சத்தால் பிள்ளையை மறைத்து வைத்த குடும்பங்கள் உண்டு. நாடு தன் அறிக்கையைத் தன் மக்களிடையே பரவலாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உடன்படிக்கையின் 44ஆம் விதியே சொல்கிறது. அவ்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைத்தால், பின்வரிசையில் எழுந்து கேட்ட அந்த அம்மா தாமே படித்துப் பார்த்து, இதில் என் பிள்ளை இல்லையே என்று சொல்ல முடியும்.

இது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற தொண்டு அமைப்புகள் தீபகற்பத்தில் நாடற்ற மக்களைத் தேடி வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டியிருக்கின்றன. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. எங்கள் ஊரில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பள்ளிக் கிராணிகள், மருத்துவமனைத் தாதியர் என்று ஆறு பேர் பேசி வைத்திருக்கிறோம். எந்த வரிசையில் எந்த வீடு, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியும். மாவட்ட அளவில் ஒரு படிவமும், அதைப் பெற்றுக்கொள்ள ஓர் அதிகாரியும் இருந்தால், எங்கள் வட்டாரக் கணக்கை மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறோம். அந்தப் படிவத்தில் பென்சிலில் எழுதப்பட்ட பெயர்களுக்கென்று ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பள்ளிக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.