கணக்கு உதைத்தால் யார் பொறுப்பு?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் கம்பெனி மென்பொருளில் ஒரு கடைக்காரர் சொன்ன பிழை உண்மை என்று உனக்கே தெரிந்தும், ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் என்பதால் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதி அவருடைய புகார் டிக்கெட்டை மூடச் சொன்னார்களாம். "எல்லா இடத்திலும் இப்படித்தான்பா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவன். சாயங்காலம் கணக்கு உதைத்தால் வயிறு கலங்கும். ஒரு நாள் 90 ரூபாய் குறைந்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ எண் இடம் மாறியிருக்கும் என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். பேரேட்டைப் புரட்டினோம். 450-ஐ 540 என்று எழுதியிருந்தேன். புரட்டிப் பார்க்கக் காகிதம் இருந்ததால் தப்பித்தேன்.

பிரிட்டனில் தபால் கிளை நடத்தியவர்களுக்கு அந்த வழி இல்லாமல் போனது. 1999 முதல் அங்கே கிளைக் கணக்குக்கு ஹொரைசன் என்ற மென்பொருள் வந்தது, ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. கணக்கில் குறைந்த பணத்தைக் கிளை நடத்துபவரே கட்ட வேண்டும், ஒப்பந்தம் அப்படித்தான் என்று தபால் துறை அவர்களிடம் சொன்னது. உதவி கேட்டுப் போன் செய்தவர்கள் பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று பதில். 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவரும் ஜெயிலுக்குப் போனார்.

ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுண்டைப் பதியும்போது திரை உறைந்தது. பொத்தானைத் திரும்ப அழுத்த, அதே தொகை நான்கு முறை பதிவாகி, 24,000 பவுண்டு குறைவதாகக் கணக்கு காட்டியது. பிழைகள் இருப்பது உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அம்மா. கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும் என்பதும் தெரியும். தபால் துறையோ முடியாது என்றே பல வருஷம் சாதித்தது. ஒரு கிளையின் முழுப் பதிவை எடுத்துப் பார்ப்பதற்குக்கூட, வருஷத்துக்கு இத்தனை என்ற அளவைத் தாண்டினால் தனிக் கட்டணம். உண்மையைத் தேடுவதே செலவு என்று ஆனபின் யார் தேடுவார்கள்? விற்றவருக்கு ஒப்பந்தம் முக்கியம், வாங்கியவருக்கு வியாபாரப் பெயர் முக்கியம். பழி கவுன்டரில் இருந்தவர் தலையில் விழுந்தது.

வேல்ஸில் கிளையை இழந்த ஆலன் பேட்ஸ் விடவில்லை. மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார். பிழைகள் உண்டு என்று 2019 டிசம்பரில்தான் நீதிபதி தீர்ப்பு எழுதினார். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் வீட்டை இழந்திருந்தார்கள். பெயர் சரியாவதற்கு முன்பே செத்துப்போனவர்களும் உண்டு.

அங்கேயும் யாரோ ஒருவர் உன்னைப் போலவே பிழையைப் பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கடைக்காரரின் காசு என்ன ஆயிற்று? மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறக்க முடியுமா? முடியாது என்றால் நீ பார்த்ததைப் பார்த்தபடியே, தேதி போட்டு உன் மேலாளருக்கு மெயிலில் எழுது. வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதே. வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தால், இங்கே வீடு இருக்கிறது, என் பென்ஷன் இருக்கிறது. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா