கேப்பர் மலைக்கு ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்

அன்பு மகன் குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

சென்ற முறை மனுப் போட்டு உன்னைக் கேப்பர் மலைச் சிறையில் பார்க்க வந்தபோது, விடுதலையானதும் எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டேன். நீ உன் தம்பி மகளின் படிப்பை விசாரித்தாய். அதற்கு முந்தைய முறையும் இப்படித்தான். கண்ணாடிக்கு அப்பால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ தலையைக் குனிந்துகொண்டால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? அதனால்தான் எழுதுகிறேன். அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும், படிக்கட்டும்.

நன்னடத்தை அலுவலரைப் பார்த்தேன். சிறையிலிருந்து வருகிறவர்களை ஆறு மாதம் வரை தங்கவைக்கும் விடுதி ஒன்று புதுச்சேரி வில்லியனூர்ப் பக்கம் இருப்பதாக அவர் சொல்ல, நேரிலும் போய்ப் பார்த்து வந்தேன். அறைக்கு மூன்று கட்டில். தலைமாட்டில் பூட்டுப் போட்ட சின்ன அலமாரி, அதன் சாவி உன்னிடமே இருக்கும். இரவு எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், குடித்துவிட்டு வந்தால் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். வாடகை கிடையாது, வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் ஒரு பங்கை உன் பெயரிலேயே வங்கியில் போட்டுவைத்து, கிளம்பும்போது வீட்டு முன்பணத்துக்கு எடுத்துத் தருகிறார்கள். முகவரி இல்லாவிட்டால் எவனும் வேலை தர மாட்டான், வேலை இல்லாவிட்டால் எவனும் வீடு தர மாட்டான் என்பது உனக்குத் தெரியாததல்ல.

விடுதலையான சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கத்தில் சிறுதொழிலுக்குப் பணம் தருகிறார்கள். தையல் மிஷினுக்கு அங்கிருந்தபடியே மனுக் கொடு. உள்ளே இருந்துகொண்டே பத்தாம் வகுப்புத் தேறியவன் நீ. அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். படிக்க வேண்டிய வயதில் இந்தப் புத்தி எங்கே போயிருந்தது?

1918 டிசம்பரில் பாரதியார் இதே கடலூரில் சிறையிலிருந்து வெளிவந்தபோது, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது; அவர் மனைவியின் ஊரான கடையத்துக்குத்தான் போனார். உன்னை அவரோடு நிறுத்தவில்லை. வெளியே வருகிறவன் நேரே பழைய தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் உனக்கு இடமில்லை என்று மட்டும் எண்ணிவிடாதே. எதிர்வீட்டுக் கோதண்டத்தின் தாயார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மாலையானால் திண்ணையில் உட்கார்ந்து நம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் உன் அம்மா குப்பை கொட்டக்கூட வெளியே போவதில்லை. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், விடுதிக்குச் சம்மதம் என்று நன்னடத்தை அலுவலரிடம் எழுதிக் கொடு. கட்டில் காலியாக இருக்கும்போதே கொடு. விடுதலையாகும் அன்று சிறை வாசலுக்கு நானே வருவேன். விடுதலைச் சான்றை வாங்கிக்கொண்டு அப்படியே புதுச்சேரி பஸ் ஏறிவிடுவோம். அம்மா வில்லியனூருக்கு வந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா