குளம், வாய்க்கால் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன ஆண்டு அறிக்கையை வாசித்தபோது பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டதால் இந்த முறை எழுதியே போட்டுவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது, ஐப்பசியில் மட்டும் மழையால் முடியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளவட்டங்களே அதிகம்.

இந்த ஆண்டு பெரிய வேலை குளத்தைத் தூர்வாரியது. பெரிய சண்டையும் அதில்தான். "தாத்தா காலத்தில் இருந்த மாதிரி ஆக்கிடணும்" என்று ஒரு அண்ணன் பொதுக்கூட்டத்தில் சொன்னதற்கு நல்ல கைதட்டல். எனக்கு என்னவோ எந்தத் தாத்தா என்று கேட்கத் தோன்றியது. 1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் ஆடி வெள்ளம் வண்டலைச் சுமந்துகொண்டு வரும், இப்போது அதில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் போனால் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டிக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் போகிற தண்ணீரின் பங்கையே மாற்றினார்கள். இன்னும் பின்னால் போனால் கல்லணை. அதற்கும் முன்னால் ஆறே தன் போக்கில் தடம் மாறி மாறி ஓடிக் கொட்டிய மண்மேல்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். மனுஷன் கை படாத குளம் நம் பக்கம் ஏது, குளமே வெட்டியதுதானே. அதனால் பழையபடி ஆக்குவது என்ற பேச்சை விட்டுவிட்டு, தண்ணீர் வரவும் போகவும் வழி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று சொன்னேன். கொஞ்சம் முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஆழம். பொக்லைன் வந்திருக்கும்போதே நன்றாகத் தோண்டிவிடலாம், கோடைக்கும் தண்ணீர் நிற்கும் என்பது ஒரு தரப்பு. மேட்டுப் பகுதியில் அது சரியாக இருக்கலாம். நாம் இருப்பது கடைமடை, கடல் பக்கம். மழையும் ஆற்றுத் தண்ணீரும் ஊறி நிற்கிற நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கிறது, அதற்குக் கீழே உப்பு. அடியில் இருக்கிற களியைப் பெயர்த்தால் ஒன்று தண்ணீர் கீழே இறங்கிவிடும், இல்லையென்றால் உப்பு மேலே வரும். கடைசியில் சேற்றை மட்டும் அள்ளிக் களியோடு நிறுத்திக்கொண்டோம். மேல்கரைப் பக்கம் சரிவை அப்படியே விட்டோம். இதற்கும் எதிர்ப்பு இருந்தது, சம்பும் கோரையும் மண்டி அசிங்கமாக இருக்கிறதாம். அந்த முழங்கால் தண்ணீரில்தான் குஞ்சு மீன் ஒதுங்குகிறது, மடையான் நிற்கிறது, நத்தைகுத்தி நாரை வந்து நத்தையைப் பிடிக்கிறது. நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய குளத்தில் இவை எதற்கும் கால் ஊன்ற இடம் இருக்காது. மாட்டுக்கும்தான்.

மீன் குத்தகை பற்றி ஒரு வார்த்தை. வலையில் விழுவது முக்கால்வாசி ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றிவிடுவதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடுகிறது. விராலும் குறவையும் குறைந்துபோனதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வயலில் அடிக்கிற மருந்தும் சேர்ந்துதான்.

ஆகாயத்தாமரையை இரண்டு தடவை எடுத்தோம், திரும்பவும் வந்துவிட்டது. விதை சேற்றில் வருஷக்கணக்காகக் கிடந்து முளைக்கும். அதுபோக மேலே உள்ள ஊர்க்காரர்கள் மதகைத் திறக்கும்போதெல்லாம் அவர்களுடையதும் நமக்கே வந்து சேர்கிறது. எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள், அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் போகும். கரையில் நிற்கிற சீமைக் கருவேலத்துக்கும் இதே கதி. வெட்டினால் தழைக்கிறது, வேரோடு பெயர்த்தால்தான் போகும். காயைத் தின்ற ஆடுமாடு விதையை எங்கெல்லாம் போடுகிறதோ அங்கெல்லாம் முளைக்கிறது. கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற புல்வெளியையே அது பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் விறகுக்கு அதையே நம்பியிருக்கும் வீடுகள் நம் ஊரில் உண்டு, எனவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கும் தீர்மானத்தை ஒத்திவைத்திருக்கிறோம்.

இளவட்டங்களை ஜாம்பவானோடையில் படகேற்றி முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு அழைத்துப்போனதுதான் என் பார்வையில் இந்த ஆண்டு உருப்படியாகச் செய்த காரியம். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்த அடியில் ஒடிந்த மரங்களைக் காட்டினால் "புயல்தான் காட்டை அழிச்சிடுச்சா?" என்று கேட்கிறார்கள். புயல் ஒரு ராத்திரி. அதற்கு முன்னால், வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியது பல பத்தாண்டுகள். மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து மண் காய்ந்து தாழ்ந்துபோனது, ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்தண்ணீர் வற்றத்தில் வெளியே போக முடியாமல் அந்தப் பள்ளத்தில் தேங்கியது, தேங்கியது வற்றி வற்றி உப்பு ஏறியது. அலையாத்தி விதை மரத்திலேயே முளைவிட்டுத்தான் விழும், மிதந்து போய் ஒதுங்கின இடத்தில் வேர்விடும், அப்படிப்பட்ட விதையும் அந்த உப்பில் கருகிவிட்டது. வெட்டுவதை நிறுத்திய பிறகும் அந்த இடங்கள் பொட்டலாகவே கிடந்தன. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைகளும் வெட்டி ஓதத்தண்ணீர் போய்வர வழி செய்தபிறகுதான் கன்று பிடித்தது. படகோட்டி ஒரு பழைய வாய்க்கால் ஓரம் நிறுத்திக் காட்டினார். சேற்றில் மூச்சுவேர்கள் ஆணி அடித்த மாதிரி நெருக்கமாக நின்றன, நடுவில் ஒரு சாண் உயரக் கன்றுகள், ஒன்றில் இன்னும் விதையின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பையன்கள் இறங்கித் தொட வேண்டும் என்றார்கள், அனுமதியில்லை.

நம் வடிகாலின் அடைப்பைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் நம்மிடம் வந்து சேர நாளாகும், அதற்குள் கிளை வாய்க்காலை நாமே வெட்டிவிடலாம் என்று செயற்குழு முடிவு. மண்வெட்டி உள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் சித்திரை முடிவதற்குள் அவரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நெல் பணம் இன்னும் வரவில்லை என்ற காரணத்தைப் போன முறையே சொல்லிவிட்டீர்கள்.