காமெட்டில் உடைந்தது பயணிகள் ஜன்னல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய விமான விபத்துகள் பற்றித் தமிழில் டப்பிங் செய்து ஒளிபரப்பும் ஆவணப்படங்களில், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் கதை வந்தாலே, சதுர ஜன்னலின் மூலையில் விரிசல் விட்டு விமானம் சிதறியது என்றுதான் சொல்கிறார்கள். விரிசல் விட்டது உண்மை. இடம்தான் தவறு.

1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே 35 பேருடன் கடலில் விழுந்த விமானத்தின் கூரைத் தகட்டைப் பின்னர் கடலடியிலிருந்து எடுத்தார்கள். உடைப்பு தொடங்கியது உச்சியில், திசையறியும் ரேடியோவின் ஏரியலுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். அந்தத் திறப்பு வழியாக யாரும் வெளியே பார்க்க முடியாது. ஆனால் பொறியாளர்கள் அதையும் 'விண்டோ' என்றே குறித்தார்கள். அது தமிழில் ஜன்னலாகி, திரையில் பயணியின் காதோரம் வெடிக்கிறது. பயணிகள் ஜன்னல்களுக்கும் மூலைகள் வளைவாகவே இருந்தன. அந்தக் கூரைத் தகடு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காரணம் கண்டறிய, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் செய்த சோதனையில் கிழிந்தது வேறொரு காமெட். அது முன்பக்க அவசர வழித் திறப்பின் அருகே கிழிந்தது. இரண்டையும் ஒரே விமானமாகக் காட்டுவது பெரிய பிழை. ஏன் தண்ணீர் என்றும் யாரும் விளக்குவதில்லை. காற்றை அடைத்து அழுத்தினால், கிழிந்த கணமே உடற்பகுதி வெடித்துச் சிதறும். விரிசல் தொடங்கிய இடம் தெரியாது. தண்ணீர் அமுங்காது. சிறிது கசிந்தாலே அழுத்தம் இறங்கி, கிழிசல் அங்கேயே நின்றுவிடும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிறைத்ததால் அதன் எடை தகட்டின் மேல் ஏறவில்லை. தொட்டிக்கு வெளியே நீண்டிருந்த இறக்கைகளை ஜாக்கிகள் வளைத்தன. 1,221 உண்மைப் பயணம், 1,836 தொட்டிச் சுற்று (ஒரு பயணத்துக்கு ஈடாக அழுத்தத்தை ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று), ஆக 3,057-இல் உடைந்தது.

விமானத்தைத் தயாரித்த நிறுவனம் சோதிக்கவே இல்லை என்ற வசனமும் அநியாயம். அவர்கள் சோதித்த உடற்பகுதித் துண்டு 16,000 சுற்றுகள் தாங்கியது. ஆனால் அதே துண்டை முன்னதாக இயங்கு அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் சற்றே நீண்டு, அழுத்தம் இறங்கியதும் இறுகிக்கொண்டது. அதனால் விரிசல் தாமதமானது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காமெட் கதையின் உயிர்நாடியே இதுதான். இதை விட்டுவிட்டு எடுக்கும் படம், ஆயுள் கணக்கு ஏன் பொய்த்தது என்பதைச் சொல்லாமலே முடிகிறது.

1953 மே 2 அன்று கல்கத்தாவில் புறப்பட்டுச் சில நிமிடங்களில் 43 பேருடன் விழுந்த காமெட்டையும் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது இடிப்புயலில் சிக்கி உடைந்தது.

டப்பிங் செய்யும் நிறுவனங்கள், வசனத்தைப் பதிவு செய்யும் முன் விமானப் பராமரிப்பு தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். எந்தக் காட்சி எந்த விமானம் என்று அதன் பதிவெழுத்தைத் திரையின் அடியில் போட வேண்டும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறை வாசகர்கள்,
சென்னை